முதல் தடவை ஸ்கீ: பிள்ளைகளோடும் அம்மம்மாவோடும் எந்த ஊருக்குப் போகலாம்?

பேர்ண் அம்மா

வணக்கம் உறவுகளே. சுவிசுக்கு வந்து 17 வருசமாகுது. வெயில் நாளில் யன்னலைத் திறந்தால் பனிமலை வடிவாகத் தெரியும். ஆனால் இன்றுவரை அந்தப் பனியில் நாங்கள் கால் வைக்கேல்லை. வேலை, பிள்ளைகள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி என்று காலம் ஓடிவிட்டது.

மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. அடுத்த வருசம் மகளின் வகுப்பு ஸ்கீலாகர், அதுதான் பள்ளிப் பனிச்சறுக்கு முகாம், போகுதாம். அவளோடு படிக்கிற கனபேர் மூன்று நாலு வயதிலிருந்தே ஸ்கீ ஓடுகிறார்கள். போன கிழமை படுக்கப் போகும்போது, "அம்மா, நான் மட்டும் விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டு இருந்தால் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அதுக்குப் பிறகுதான் வாற பெப்ரவரி லீவுக்கு ஒரு கிழமை மலைக்குப் போவோம் என்று நானும் இவரும் முடிவெடுத்தோம்.

அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறா. 68 வயது, முழங்கால் வருத்தம். அவவைத் தனிய விட்டுட்டுப் போக மாட்டோம். இரவிரவாகப் பாட்டும் கூத்தும் இருக்கிற பெரிய ஊர்கள் எங்களுக்குச் சரிவராது. சின்னப் பிள்ளைகளை நம்பி விடக்கூடிய அமைதியான இடம் ஏதும் தெரிந்தால் சொல்லுங்கோ. கார் இல்லை, ரயிலில்தான் போகவேணும்.

பனிக்காலப் பயணி

தங்கச்சி, நான் இரண்டாம் யோசனை இல்லாமல் சொல்லுவன்: சுவிசின் தெற்கில் வாலிஸ் மாநிலத்தில் இருக்கிற பெட்மரால்ப். ஆறு தடவை நாங்கள் அங்கேதான் போயிருக்கிறம்.

பேர்ணில் ஏறினால் லொட்ஷ்பெர்க் சுரங்கத்தால் ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் வாலிஸில் உள்ள ப்ரீக் நகரம். 2007ல் திறந்த அந்த 34.6 கிலோமீற்றர் சுரங்கம் வந்த பிறகு பேர்ண்காரருக்கு வாலிஸ் பக்கத்து வீடு மாதிரி. ப்ரீக் நிலையத்துக்கு முன்னாலேயே சிவப்பு நிறச் சின்ன ரயில் நிற்கும். அதில் கொஞ்ச நேரத்தில் பெட்டன் தால்ஸ்டேஷன். இறங்கினால் பக்கத்திலேயே கேபிள் கார். பத்து நிமிசத்துக்குள்ளே 1950 மீற்றர் உயரத்தில் ஊருக்குள் நிற்பீர்கள். பெட்டி படுக்கையோடு, பிள்ளைகளோடு, வயசான ஆளோடு வாறவைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

ஊருக்குள் கார் இல்லை. கீழே இருந்து காரில் மேலே வர ஏலாது. குளிர்காலத்தில் தெரு முழுக்கப் பனி மிதிபட்டு இறுகிக் கிடக்கும். கடைக்குப் போற அம்மாக்கள் ஷ்லித்தனில், அதுதான் பனியில் இழுக்கிற சறுக்கு வண்டியில், முன்னுக்குப் பிள்ளையையும் பின்னுக்குப் பாலையும் பாணையும் வைத்துக் கயிற்றால் இழுத்துக்கொண்டு வருவினம். என்ர சின்னவன் 5 வயதில் தெருவில் தன்ர பாட்டில் ஓடித் திரிந்தான். இங்கே நகரத்தில் ஒரு நிமிசம் கையை விட ஏலுமா?

ரீடரால்ப், பெட்மரால்ப், ஃபீஷரால்ப் மூன்றும் ஒரே மலைத் தட்டில் வரிசையாக இருக்குது, ஸ்கீ பாதை எல்லாம் ஒன்றோடொன்று தொடுப்பு. மொத்தம் 104 கிலோமீற்றர். கூடுதலானவை நீலமும் சிவப்பும்தான், கறுப்பு குறைவு. நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு பழகினவைக்கு. தெற்குப் பார்த்த தட்டு என்றபடியால் வெயில் நல்லா விழும். முன்னால் ரோன் பள்ளத்தாக்கு, அதுக்கு அங்கால மற்றர்ஹோர்ன் முனை தெரியும்.

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதைங்கோ. ஸ்கீ ஓடாதவைக்கு என்று பனியை அமத்தி நடைபாதை போட்டிருக்கினம். பெட்மர்ஹோர்ன் மலைக்குப் போற கொண்டோலாவில் (சின்னக் கேபிள் கார்) நடந்து போறவையும் ஏறலாம். மேலே போனால் அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸிலேயே நீளமான பனியாறு அது, 20 கிலோமீற்றர் அளவு. 2001ல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக எடுத்தது. ஸ்கீ ஓடாத ஆளுக்கும் அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம்.

சூரிச்சில் பிறந்தவன்

அக்கா, உங்கட மகள் கேட்ட கேள்வியை வாசிச்சிட்டு இதை எழுதாமல் இருக்க முடியேல்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் ஸ்கீலாகர் போனன். எங்கட வகுப்பில் ஸ்கீயைக் காலில் மாட்டத் தெரியாத ஆள் நான் மட்டும்தான். அப்பா இரண்டு இடத்தில் வேலை. மலைக்குப் போறது என்பது எங்கட வீட்டில் பேச்சிலேயே வராத விசயம். முதல் நாள் காலமை எல்லாரும் குழு குழுவாகப் பிரிஞ்சு போச்சினம். எனக்கு ஒரு குழுவும் பொருந்தேல்லை. ஒரு ஆசிரியர் அரை மணித்தியாலம் சொல்லித் தந்தார், பிறகு அவருக்கு மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டி வந்திட்டுது. அடுத்த மூன்று நாளும் சமையல் செய்ய வந்த அம்மாவுக்கு உருளைக்கிழங்கு உரிச்சுக் குடுத்தன். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. யோசிக்கேல்லை, அவ்வளவுதான். ஆனால் 11 வயதில் அது நெஞ்சில் பதிஞ்சிட்டுது. இந்த நாட்டில் பிறந்தும் இந்த நாட்டுப் பிள்ளை இல்லை என்று முதல் தடவை நினைச்சது அந்தக் குசினியில்தான்.

24 வயதில் என்ர சொந்தக் காசில் பழகினன். மகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு கிழமை போதும். சம்பியன் ஆகத் தேவையில்லை. லிப்டில் ஏறவும், நீலப் பாதையில் நின்று நின்று இறங்கவும் தெரிஞ்சால் அவளுக்கு ஒரு குழு கிடைச்சிடும்.

லுசேர்ன் சித்தப்பா

எல்லாம் சரி. காசைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. வீட்டு வாடகை, லிப்ட் அட்டை, ஸ்கீ வாடகை, வகுப்புக் காசு, ரயில் என்று கூட்டிப் பாருங்கோ. அந்தக் காசில் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் அப்பப்பாவையும் கோயில் திருவிழாவையும் காட்டலாம். எது முக்கியம்? நான் குறை சொல்லவில்லை, மனதில் பட்டதைக் கேட்கிறன்.

பனிக்காலப் பயணி

சித்தப்பா, நியாயமான கேள்வி. நாங்கள் இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் ஊருக்குப் போறம், நடுவில் வாற வருசம் மலை. ஆனால் நாலு பேருக்கு எல்லாத்தையும் கடை விலைக்கு வாங்கினால் உண்மையிலேயே கட்டாது. நாங்கள் செய்யிறதைச் சொல்லுறன்.

பிள்ளைகளுக்கு ஸ்கீயை ஒரு நாளும் புதுசாக வாங்கிறேல்லை. ஒக்டோபரில் விளையாட்டுக் கடைகளில் சைசோன்மீட்ட என்று முழுக் குளிர்காலத்துக்கும் வாடகைக்குக் குடுப்பினம். ஸ்கீ, சப்பாத்து, தடி எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு 200 பிராங்குக்குள்ளே முடியும். கால் வளர்ந்தால் இடையில் சப்பாத்தை மாற்றித் தருகிற கடையும் இருக்கு. உடுப்புக்கு இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஊர் நடக்கிற ஸ்கீபேர்ஸ இரண்டாம் கைச் சந்தை. ரயிலுக்கு யூனியோர் கார்ட்: வருசத்துக்கு 30 பிராங், தாயோ தகப்பனோ கூட வந்தால் 16 வயதுக்குள்ள பிள்ளைக்கு வேறு ரிக்கெற் தேவையில்லை. வீடு எடுக்கும்போது குசினி உள்ள ஃபெரியன்வோனுங், அதுதான் லீவுக்கு வாடகைக்குக் குடுக்கிற வீடு, எடுங்கோ. மலையில் சாப்பாட்டுக் கடைக்குப் போறதுதான் காசைத் தின்னும்.

லீவு நாளில் விலை கூட. ஜனவரி நடுப்பகுதிக்குப் போகக்கூடியவை அப்ப போங்கோ. சூரிச் மாநிலத்தில் வருசத்துக்கு இரண்டு ஜோக்கர் நாள், பேர்ணில் ஐந்து அரை நாள் பிள்ளையைக் காரணம் சொல்லாமல் பள்ளியில் நிற்பாட்டலாம். அதைச் சனி ஞாயிறோடு சேர்த்தால் ஒரு குட்டிப் பயணம் வரும். பழக அது காணும்.

சூரிச்சில் பிறந்தவன்

ஸ்கீலாகர் காசு பற்றியும் ஒரு விசயம். 2017 டிசெம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டாயமாகப் போகவேண்டிய பள்ளி முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டும்தான் வாங்கலாம், பிள்ளையின் வயதைப் பொறுத்து நாளுக்கு 10 இலிருந்து 16 பிராங் வரைக்கும்தான். முகாம் கட்டாயமா, விருப்பமானவைக்கா என்று பள்ளியில் கேளுங்கோ. காசு இல்லை என்று பிள்ளையை வீட்டில் மறிக்க வேண்டாம். பள்ளியும் கெமைண்டவும் (ஊர் நிர்வாகம்) உதவி செய்யும், வெட்கப்படாமல் கேட்கவேணும். என்ர அப்பா கேட்கேல்லை.

கிளாருஸ் அண்ணா

சூரிச் பக்கத்து ஆக்களுக்காக எழுதுறன். பிரவுன்வால்ட்டை மறந்திடாதைங்கோ. அதுவும் கார் இல்லாத ஊர். சூரிச்சில் எஸ் 25 ரயிலில் ஏறினால் மாறாமல் லிந்தால், அங்கிருந்து சரிவு ரயிலில் மேலே. 1907 இலிருந்து ஓடுற ரயில். ஊர் சின்னது, வாலிஸை விட விலையும் குறைவு. ஒரு நாள் போய்ப் பார்த்திட்டு வர இதை விட லேசான இடம் இல்லை.

பனிக்காலப் பயணி

அண்ணா, பிரவுன்வால்ட் எனக்கும் விருப்பமான ஊர்தான். ஆனால் ஊர் 1256 மீற்றரில். சில வருசம் ஊரடியில் பச்சைப் புல்தான். லிப்டில் மேலே போனால் பனி இருக்கும், ஆனால் சின்னப் பிள்ளைகள் பழகிறதுக்கு வீட்டு வாசலில் பனி வேணும். ஒரு கிழமைக்கு முன்கூட்டியே காசு கட்டிப் போறவைக்கு 1800 மீற்றருக்கு மேலே உள்ள ஊர்தான் என்ர பரிந்துரை. ஒரு நாள் பயணம் என்றால் வானிலையைப் பார்த்திட்டுப் பிரவுன்வால்ட் போகலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

கிளாருஸ் அண்ணா

அது உண்மைதான். ஜனவரி கடைசிக்குப் பிறகு வாங்கோ என்று திருத்திச் சொல்லுறன்.

தாதி

நான் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை செய்யிறன். பெப்ரவரி மாதம் எங்களுக்கு முழங்கால் மாதம். தயவுசெய்து இதைப் பொறுமையாக வாசியுங்கோ.

காப்புறுதி: கிழமைக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஒரே இடத்தில் வேலை செய்தால் வேலைக்கு வெளியில் நடக்கிற விபத்துக்கும் உங்கட வேலை வழியே காப்புறுதி இருக்கு. பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் அது இல்லை. அவையின்ர கிராங்கன்காச (மருத்துவக் காப்புறுதி) அட்டையில் விபத்து சேர்ந்திருக்கா என்று பாருங்கோ. அடிப்படைக் காப்புறுதி மலையில் மீட்கிற செலவில் பாதியைத்தான் குடுக்கும், அதுவும் வருசத்துக்கு 5000 பிராங் வரைக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற செலவிலும் பாதி, அது 500 பிராங் வரைக்கும். ஹெலிகொப்டர் வந்தால் மிச்சம் உங்கட தலையில். மேலதிகக் காப்புறுதி இல்லாவிட்டால் போக முதல் எடுங்கோ. சுவிசின்ர மற்றப் பக்கங்களில் ஹெலிகொப்டர் மீட்புச் சேவையான ரேகாவை 1414 இல் கூப்பிடுவினம். வாலிஸில் 144. தொலைபேசியில் இப்பவே பதிஞ்சு வையுங்கோ.

பிணைப்பு: சப்பாத்தையும் ஸ்கீயையும் பிடிச்சு வைச்சிருக்கிற பிணைப்பு, விழும்போது திறக்கவேணும். அது எவ்வளவு இறுக்கமாக இருக்கவேணும் என்பதை நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், எவ்வளவு பழகின ஆள் என்பதைப் பார்த்துக் கடையில் பூட்டுவினம். அக்காவின்ர பிள்ளை போட்டதை உங்கட பிள்ளைக்கு அப்படியே மாட்டி விடாதைங்கோ. கூட இறுக்கமாக இருந்தால் ஸ்கீ கழராது, கால் முறியும். கடையில் நிறையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் அதில் குறைச்சுச் சொல்லுறதை நான் கண்ணால் கண்டனான்.

தலைக்கவசம் கட்டாயச் சட்டம் இல்லை, ஆனால் போடாமல் ஒருத்தரையும் விடாதைங்கோ. "எங்கட தோலுக்குக் கிறீம் தேவையில்லை" என்று சொல்லுறவையும் இருக்கினம். ஆயிரம் மீற்றர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்து வீதத்துக்குக் கிட்டக் கூடும், புதுப் பனி அதில் 80 வீதம் வரைக்கும் திருப்பி முகத்துக்கே அடிக்கும். தோலை விடக் கண் முக்கியம். அம்மாவுக்கும் நல்ல கறுப்புக் கண்ணாடி வாங்குங்கோ. அவவுக்கு இதய வருத்தம், மூச்சு வருத்தம் ஏதும் இருந்தால் 2000 மீற்றருக்குப் போக முதல் வீட்டு வைத்தியரைக் கேளுங்கோ.

பேர்ண் அம்மா

எல்லாருக்கும் மனம் நிறைஞ்ச நன்றி. தாதி அக்கா, அம்மாவின்ர அட்டையைப் பார்த்தன், விபத்து சேர்ந்திருக்கு. மீட்புக்கு மேலதிகக் காப்புறுதி நாளைக்கே எடுக்கிறன். தம்பி, நீங்கள் எழுதினதை இவருக்கு வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார்.

இன்னொரு கேள்வி. இவர் யூடியூப் பார்த்துத் தானும் பழகி, பிள்ளைகளுக்கும் தானே சொல்லிக் குடுக்கலாம் என்கிறார். வகுப்புக் காசு மிச்சம்தானே. செய்யலாமா?

ஸ்கீ ஆசிரியை

அக்கா, நான் பல்கலைக்கழகம் படிக்கிறன், குளிர்காலத்தில் ஸ்கீ பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறன். அண்ணாவிடம் அன்பாகச் சொல்லுங்கோ, வேண்டாம் என்று. வேறு எதில் காசு மிச்சம் பிடிச்சாலும் இதில் பிடிக்காதைங்கோ.

பிள்ளை அப்பாவுக்கு முன்னால் அழும், ஆசிரியருக்கு முன்னால் அழாது. இதை நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்க்கிறன். தாய் தகப்பன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றால் பிள்ளை பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் திரும்பிப் பார்க்கும். அவை கோப்பி குடிக்கப் போனால் பத்து நிமிசத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்திடும். அதோடு படிப்பிக்கத் தெரியாத ஆள் பிள்ளையை முதுகுப் பக்கத்தால் பிடிச்சு இறக்கினால் பிள்ளை பின்பக்கம் சாயப் பழகும். அதைத் திருத்த எங்களுக்கு இரண்டு நாள் போகும். ஸ்கீயில் உடம்பு முன்னுக்குத்தான் நிற்கவேணும், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு சப்பாத்தின்ர நாக்கில் முட்டிக்கொண்டு இருக்கவேணும்.

முதல் நாள் சமதரையில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ போட்டுத் தள்ளித் தள்ளி நடக்க வைப்பம். பிறகு சவ்பர்தெப்பிஹ், அதுதான் பிள்ளைகள் நின்றபடி மேலே போற நகரும் கம்பளம். அதில் ஏறிக் கொஞ்சத் தூரம் சறுக்கி வருவினம். நிற்பாட்டிறதுக்கு "பிட்சா": ஸ்கீயின்ர முனைகளைக் கிட்டக் கொண்டுவந்து பின்பக்கத்தை விரிக்கவேணும். நேராக ஓடுறது "பொம்", பொரிச்ச உருளைக்கிழங்குக் குச்சி மாதிரி. மூன்றாம் நாளளவில் கூடுதலான பிள்ளைகள் பிட்சா போட்டுத் திரும்பப் பழகியிடுவினம். ஆறு வயதுக்காரன் அக்காவை விடக் கெதியாகப் பிடிப்பான். மகளிடம் அதை முதலே சொல்லி வையுங்கோ, பிறகு மனம் நோகக்கூடாது.

பெரியவையும் வகுப்புக்குப் போங்கோ. அண்ணா இரண்டு நாள் படிச்சால் காணும். பாதையில் உங்களுக்குக் கீழ்ப்பக்கத்தில் ஓடுறவருக்குத்தான் முன்னுரிமை, மேலே இருந்து வாறவர்தான் விலத்தவேணும். நிற்கிறதென்றால் நடுவில் நிற்காமல் கரைக்கு வாங்கோ. இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் குடுக்கலாம்.

கையுறை இரண்டு சோடி கொண்டு போங்கோ. ஒன்று மத்தியானத்துக்கு முதலே நனையும். காலுறை ஒன்றுதான் போடவேணும், இரண்டு போட்டால் கால் விறைக்கும். ஜீன்ஸ் கூடவே கூடாது.

பேர்ண் அம்மா

பெட்மரால்பில் வீடு பதிவு பண்ணியாச்சு. சனிக்கிழமை தொடக்கம் சனிக்கிழமை வரை. வந்து எழுதுறன்.

லுசேர்ன் சித்தப்பா

நல்லபடி போட்டு வாங்கோ பிள்ளை. அம்மாவைக் குளிருக்குள் கனநேரம் நிற்க விடாதைங்கோ.

பேர்ண் அம்மா

வந்து இரண்டு நாளாச்சு. உடம்பு முழுக்க நோகுது, மனம் இன்னும் அங்கேதான் நிற்குது. ஆறுதலாக எழுதுறன்.

திங்கட்கிழமை காலமை மகன் ஸ்கீ பள்ளி வாசலில் என்ர கையை விடவே இல்லை. ஆசிரியை வந்து முயல் பொம்மை படம் போட்ட சட்டையைப் போட்டுவிட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. ஸ்கீ ஆசிரியைத் தங்கச்சி சொன்னபடி நான் திரும்பிப் பாராமல் நடந்தன். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. 12 மணிக்குப் போய்ப் பார்த்தால் கம்பளத்தில் வரிசையில் நிற்கிறான். மூக்கு ஒழுகுது, வாய் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கண்டிட்டு "அம்மா, பிட்சா!" என்று கத்தினான். முழங்கால் இரண்டும் உள்பக்கம் வளைஞ்சு, கை இரண்டும் முன்னுக்கு நீட்டினபடி என்ர காலடிக்குக் கிட்ட வந்து நின்றான்.

மகள் இரண்டாம் நாள் அழுதவள். கொக்கி லிப்டில், அதுதான் ரி வடிவக் கம்பியை இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தில் வைச்சு இழுத்துக்கொண்டு போற லிப்டில், மூன்று தரம் விழுந்திட்டாள். கம்பியில் குந்த வெளிக்கிட்டவள், அது இழுக்கத்தான், குந்த அல்ல. நாலாம் தரம் ஒரு ஜெர்மன்காரத் தாத்தா அவளோடு சேர்ந்து ஏறி, மேல் மட்டும் கொண்டுபோய் விட்டார். வெள்ளிக்கிழமை நீலப் பாதையில் தனியாக மேலிருந்து கீழ்வரை வந்தாள். நானும் இவரும் கீழே நின்று பார்த்தோம். சிவப்புத் தலைக்கவசம் ஒரு புள்ளியாகத் தெரிஞ்சு, வளைஞ்சு வளைஞ்சு பெரிசாகிக்கொண்டே வந்தது. வந்து நின்றவள் ஒன்றும் சொல்லேல்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "இன்னொருக்கால் போகட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவைப் பற்றித்தான் கூட எழுதவேணும். ஊர் நடுவில் ஒரு மேட்டில் சின்ன வெள்ளைத் தேவாலயம் இருக்கு, 1679ல் கட்டினது. பெயர் மரியா சும் ஷ்னே. அதாவது பனிமய மாதா. தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் பெயரும் அதுதானே என்று நான் சொன்னதும் அம்மாவுக்கு ஆள் மாறிப்போச்சு. பனியே விழாத ஊரில் பனி மாதாவைக் கும்பிட்ட சனம், இங்கே வீட்டுக் கூரை மறையிற அளவுக்குப் பனிக்குள் அதே மாதா. ஊரில் மடு மாதா கோயிலுக்கு வருசா வருசம் போன மனுசி அவ. நாங்கள் சைவம், ஆனால் மடுவுக்குப் போகாத வருசம் இல்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் பொல்லைப் பிடிச்சுக்கொண்டு, சப்பாத்துக்குப் போடுற முள் வளையத்தையும் மாட்டிக்கொண்டு அங்கே போய் இருந்திட்டு வந்தா.

புதன்கிழமை அவவைப் பெட்மர்ஹோர்னுக்குக் கொண்டுபோனோம். பனியாற்றைக் கண்டதும் கைகூப்பினா. கீழே ஃபீஷ் ஊர்ச் சனம் 1678ல் அந்தப் பனியாறு வளர்ந்து ஊரை அழிக்கக்கூடாது என்று நேர்த்தி வைச்சவையாம். இப்போ பாப்பரசரின் அனுமதியோடு அதே சனம் அது கரையக்கூடாது என்று மன்றாடுதுகள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "பிள்ளைகளின்ர பிள்ளைகளும் இதைப் பார்க்கவேணும்" என்றா.

அடுத்த முறை போறவைக்கு ஒரு விசயம்: அந்த உயரத்தில் தண்ணி 94 பாகையிலேயே கொதிச்சிடும். சோறு பரவாயில்லை, பருப்பு அவியவே அவியாது. முதல் நாள் இரவு ஒன்றரை மணித்தியாலம் அடுப்பில் நின்றன். பிரஷர் குக்கர் கொண்டு போங்கோ. புட்டுக்குப் பிரச்சினை இல்லை.

சித்தப்பா, செலவுக் கணக்கை உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறன். நினைச்சதை விடக் குறைவு.

லுசேர்ன் சித்தப்பா

பார்த்தன் பிள்ளை. என்ர பேரனுக்கு 7 வயது. ஜனவரியில் அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று யோசிக்கிறன். அந்த முள் வளையம் எந்தக் கடையில் வாங்கினீங்கள்? எனக்கு 42 அளவு.

பேர்ண் அம்மா

ஊரிலேயே விளையாட்டுக் கடையில் இருக்கு சித்தப்பா. அம்மாவின்ர 38, உங்களுக்குச் சேராது. ஆனால் ஷ்லித்தன் எங்களிட்ட இருக்கு, வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.